நூற்றிரண்டு மாடியும் கோபுர நிழலும்

புது மணிக்கு மூன்று நாற்பது. பழைய மணிக்கு இரண்டு நாற்பது. எந்த மணியில் சொன்னாலும், சிதம்பரத்தில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே என் பத்து வயது மகளைத் தனியாக நிறுத்திவிட்டு நான் திரும்பி நடந்த நேரம் அதுதான்.

அப்போது எல்லாருக்கும் இரண்டு மணி இருந்தது. யுத்தத்துக்காகச் சர்க்கார் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி வைத்திருந்தது. ரயில், தாலுகா கச்சேரி, பள்ளிக்கூடம் எல்லாம் புது மணி. கோயில் பூஜை, கல்யாண முகூர்த்தம், கடைத்தெரு எல்லாம் பழைய மணி. கடலூரில் குமாஸ்தாவாக இருந்த நான் புது மணிக்காரன். சிதம்பரம் கீழ வீதியில் பாத்திரக்கடை வைத்திருந்த என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், பழைய மணிக்காரர். "சாமி மணிய மாத்தினா நானும் மாத்திக்கிறேன்" என்பார்.

அன்று நாங்கள் சிதம்பரம் போனது சாமி கும்பிட அல்ல. கோபுரத்தை அளக்கப் போனோம். அதற்குக் காரணம் நியூயார்க்கில் இருக்கும் ஒரு கட்டடம்.

கடலூர் முதுநகரில் ஒரு மளிகைக் கடையில் பொட்டலம் கட்டுவதற்கு வெளிநாட்டுப் பத்திரிகைகளைக் கிழித்து அடுக்கி வைத்திருப்பார்கள். துறைமுகத்துக்கு வரும் கப்பல்களிலிருந்து எடைக்கு வந்தவை. ஒரு நாள் அரைப் படி துவரம்பருப்போடு எம்பயர் ஸ்டேட் கட்டடம் எங்கள் வீட்டுக்கு வந்தது. பருப்பைக் கொட்டிவிட்டு என் மகள் தாளை நீவி விரித்தாள். மேகத்துக்குள் தலையை நுழைத்துக்கொண்டு ஒரு கட்டடம். நூற்றிரண்டு மாடி. ஆயிரத்து இருநூற்றைம்பது அடி. அவள் அதைச் சோற்றுப் பருக்கையால் சுவரில் ஒட்டினாள். கீழே இருந்த இங்கிலீஷை நான் தமிழில் சொல்ல வேண்டியதாயிற்று. ஒரு முறை சொன்னால் அவளுக்குப் போதாது. சாதம் பிசையும்போது, தலை பின்னும்போது, படுக்கப் போகும்போது, மறுபடி மறுபடி கேட்பாள்.

அந்தக் கட்டடத்தை ஓராண்டுக்குச் சற்று மேலான காலத்தில் கட்டி முடித்துவிட்டார்களாம். ஒரு வாரத்தில் நாலரை மாடி எழும்பியதாம். எங்கள் தெருவில் ஒரு குளியலறைச் சுவர் எழும்பவே அத்தனை நாள் ஆனதை அவள் பார்த்திருக்கிறாள். உச்சியில் ஒரு கம்பம் வைத்தார்கள். ஆகாயக் கப்பல் வந்து அதில் கட்டிக்கொண்டு நிற்கும், ஜனங்கள் வானத்திலிருந்து நேரே கட்டடத்துக்குள் இறங்கலாம் என்று திட்டம். காற்று விடவில்லை. கப்பல்கள் ஆடின, திட்டத்தைக் கைவிட்டார்கள். கட்டடத்தைத் திறந்த காலத்தில் அமெரிக்காவில் வேலையும் இல்லை, பணமும் இல்லை. வாடகைக்கு ஆள் வராமல் பல மாடிகள் காலியாகக் கிடந்தன. வெளியே தெரியக் கூடாதென்று ஆளில்லாத மாடிகளிலும் விளக்கு ஏற்றி வைத்தார்களாம். இந்த இடம் வந்தால் அவள் ஒவ்வொரு முறையும் சிரிப்பாள். "நம்ம எதிர்வூட்டு அம்மா வூட்ல அரிசி இல்லாட்டியும் பட்டுப்பொடவ கட்டிகினு வாசல்ல நிக்கற மாதிரி" என்பாள்.

எனக்கும் ஏன் அந்தக் கட்டடத்தின்மேல் அத்தனை மோகம் என்று பிறகு நிறைய யோசித்திருக்கிறேன். நான் பயந்த சுபாவக்காரன். கதவுத் தாழ்ப்பாளை இரண்டு முறை இழுத்துப் பார்ப்பேன். அவளைக் கிணற்றடிக்குத் தனியே அனுப்ப மாட்டேன். ஏணியில் நாலாவது படிக்கு மேல் எனக்குக் கால் வராது. ஆனால் அந்தத் தாளில், காற்று எவ்வளவு தள்ளும், இரும்பு எவ்வளவு தாங்கும் என்று யாரோ முன்கூட்டியே உட்கார்ந்து கணக்குப் பார்த்திருந்தார்கள். நூற்றிரண்டு மாடிக்கும் கவலையை முதலிலேயே பட்டு முடித்துவிட்டார்கள். அப்படி ஒரு காரியத்தை நான் என் வாழ்க்கையில் ஒன்றுக்கும் செய்ததில்லை.

அவள் ஒரு நாள் கேட்டாள்: "அப்பா, இவ்ளோ ஒசரம் நிக்கணும்னா கீழ யாரைப் பலி குடுத்தாங்க?"

எங்கள் பக்கத்தில் எங்கே பாலம் கட்டினாலும் இந்தப் பேச்சு கிளம்பிவிடும். அஸ்திவாரம் நிற்கவில்லையாம், பிள்ளை பிடிக்க ஆள் விட்டிருக்கிறார்களாம் என்று. படித்தவன் என்ற தோரணையில் நான் அதட்டினேன். "பலியாவது கிலியாவது. வேலை செய்றப்போ சில பேரு தவறி விழுந்தாங்க. அவ்ளோதான்." அந்தப் பதில் அவளுக்குப் பிடிக்கவில்லை. சில பேர் என்றால் எத்தனை பேர் என்று கேட்டுக்கொண்டே தூங்கிப்போனாள்.

அடுத்த கேள்விதான் எங்களைச் சிதம்பரத்தில் கொண்டு நிறுத்தியது. "நம்ம கோபுரம் எத்தனையை ஒண்ணு மேல ஒண்ணு வச்சா அது வரும்?"

கோபுரத்தின் உயரம் எனக்குத் தெரியாது. யாரையாவது கேட்டிருக்கலாம். நான் பள்ளியில் படித்த கணக்கைக் காட்ட ஆசைப்பட்டேன். ஒரு குச்சியை நட்டு வைக்க வேண்டும். குச்சியின் நிழல் குச்சியளவு ஆகிற நேரத்தில் கோபுரத்தின் நிழலும் கோபுரத்தளவு இருக்கும். நிழலை அளந்தால் போதும், ஏற வேண்டாம். சித்திரை மாதத்தில் வெயில் தலைக்கு நேரே போய் மேற்கே இறங்கும். நிழல் கிழக்கே விழும். எல்லாம் சரியாகச் சொல்லிக் கொடுத்தேன். மூன்றடிக் குச்சி ஒன்று சீவி எடுத்துக்கொண்டோம். காலை வண்டியில் போய், மச்சான் வீட்டில் சாப்பிட்டு, வெயில் சாயத் தொடங்கியதும் சன்னதித் தெருவுக்குப் போனோம்.

கோபுரத்து நடுக் கலசத்தின் நிழல் தெருவில் ஒரு பூக்காரம்மாளின் கூடைக்குப் பக்கத்தில் விழுந்திருந்தது. குச்சியை நட்டுப் பார்த்தோம். நிழல் இன்னும் குட்டைதான். குச்சியளவு ஆக அரை மணி போக வேண்டும். அப்போதுதான் அளக்கும் நாடாவைக் கடலூரிலேயே மறந்துவிட்டு வந்தது தெரிந்தது.

"மாமா கடையில வாங்கிகினு வந்துடறேன். நீ இங்கயே இரு. கலசம் நிழல் நுனியில நில்லு. நான் வர வரைக்கும் அதை வுட்டு நகரக் கூடாது. தெரிஞ்சுதா?"

"நகர மாட்டேம்பா."

பூக்காரம்மாளிடமும் ஒரு வார்த்தை சொன்னேன். கீழ வீதி கூப்பிடு தூரம். பத்து நிமிடத்தில் திரும்பிவிடலாம் என்று போனேன்.

கடையில் சுவர்க் கடிகாரம் இரண்டே முக்கால் காட்டியது. எங்கள் வண்டி ஐந்து பத்துக்கு. நேரம் தாராளமாக இருக்கிறது என்று நினைத்தேன். அது சாமி மணி என்பது, வருஷக்கணக்காய் அந்தக் கடிகாரத்தைப் பார்த்துக் கேலி பேசிய எனக்கு, அந்த ஒரு நிமிடம் நினைவுக்கு வரவில்லை.

மச்சானிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் விசிறியை மடியில் வைத்துவிட்டுச் சிரித்தார்.

"நூத்தி ரெண்டு மாடியா? மாப்ளே, மேல் மாடியில இருக்கறவன் உப்பு வாங்க மறந்துட்டான்னா இன்னா பண்ணுவான்?"

"கரண்டுப் பொட்டி இருக்குது மச்சான். ஏறி நின்னா நொடியில கீழ எறக்கிடும்."

"கரண்டு போச்சின்னா?"

நான் அலமாரியில் நாடாவைத் தேடினேன்.

"அப்போ உப்பில்லாமத்தான் தின்னணும். இதுக்கு எம்மாம் செலவு! சரி, நாடா வூட்ல கெடக்குது. கடையப் பாத்துக்க, ஒரு எட்டுல வந்துடறேன்."

அவர் போனார். வரவில்லை. கடையைத் திறந்து போட்டுவிட்டு நான் எழுந்து போக முடியாது. ஒரு கல்யாண வீட்டுக்காரர் வந்து குத்துவிளக்குகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரு சொம்பு வாங்கிப் போனார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்றேகால். அப்புறம் மூன்றரை. பிள்ளை வெயிலில் நிற்கிறாளே என்று மனம் அடித்துக்கொண்டது. பூக்காரம்மாள் இருக்கிறாளே என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன்.

மச்சான் நாடாவோடு வந்தபோது மூன்று ஐம்பது. நாடாவைப் பக்கத்துத் தெரு ஆசாரி வாங்கிப் போயிருந்தாராம், தேடிப் பிடித்து வந்தாராம். வந்தவர் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஏம் மாப்ளே, இன்னும் குந்திகினு இருக்க? ஒங்க மணிக்கு நாலு அம்பது ஆச்சி, அஞ்சு பத்து வண்டிக்கு இருவது நிமிசம்தானே இருக்குது?"

நான் ஓடினேன். சன்னதித் தெருவில் பூக்கூடைக்குப் பக்கத்தில் அவள் இல்லை. குச்சியும் இல்லை. அது நட்டிருந்த சின்னக் குழி மட்டும் இருந்தது.

"கோலு வச்சிகினு இருந்திச்சே, அந்தப் பொண்ணா?" என்றாள் பூக்காரம்மா. "அது அப்பவே எழுந்து போச்சே. கெழக்கால போச்சி. கூப்டேன், திரும்பல."

கிழக்கே என்றால் ரயிலடி. எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. கோயிலுக்கு வந்தவர்களில் புது மணி தெரிந்த யாரோ சொல்லியிருப்பார்கள், வண்டி போய்விடும் என்று பயந்து அவளே ஸ்டேஷனுக்குப் போயிருப்பாள் என்று முடிவு செய்தேன். அந்தத் தெருவின் இரண்டு பக்கமும் சந்து இருக்கிறது. ஒன்றில்கூட எட்டிப் பார்க்கவில்லை. குதிரை ஜட்கா ஒன்றில் தாவி ஏறினேன்.

பிளாட்பாரத்தில் நுழையும்போதே வண்டி நின்றுகொண்டிருந்தது. பெண்கள் பெட்டியில் ஒரு பச்சைப் பாவாடை ஏறி உள்ளே போவதைக் கண்ணால் கண்டேன். என் மகளும் அன்று பச்சைப் பாவாடை. பெயரைச் சொல்லிக் கத்தினேன். விசில் ஊதிவிட்டது. வண்டி அசைந்தது. எந்த யோசனையும் இல்லாமல் பின்னால் இருந்த பெட்டியில் தொற்றிக்கொண்டேன்.

அது வேக வண்டி, நடுவில் பரங்கிப்பேட்டையில் மட்டும்தான் நிற்கும். கம்பியைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றேன். மூச்சு வாங்கியது. பிள்ளை முன்பெட்டியில் இருக்கிறாள், நல்லவேளை என்று கண்ணை மூடித் திறந்தேன். வெளியே தந்திக் கம்பங்களின் நிழல் வயலில் விழுந்திருந்தது. மத்தியானம் பார்த்ததைவிட நீளம். வண்டி ஓட ஓட அந்த நிழல்கள் வரப்பில் ஏறின, வாய்க்காலில் இறங்கின.

நான் வாசலில் எட்டி அந்த நிழல்களையே பார்த்தேன்.

நிழலின் நுனியில் நில், நகராதே என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன். நிழலின் நுனி நிற்கிற இடமா? அது நகரும். நகர்வதால்தானே அளக்கவே முடிகிறது! அரை மணியில் குச்சியளவு ஆகும் என்று நானே சொல்லிக் கொடுத்தேன். அவள் என் சொல்லை மீறவில்லை. கலசத்தின் நிழல் போகப் போக அதன் பின்னாலேயே கிழக்கே போயிருக்கிறாள்.

பெண்கள் பெட்டியில் இருப்பது அவள் இல்லை என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ஆனாலும் பரங்கிப்பேட்டையில் குதித்து ஓடி ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். பச்சைப் பாவாடைப் பெண் யாரோ. அவள் தாயார் என்னைப் பார்த்துக் கத்தினாள்: "இன்னாயா, பொம்பளைங்க பொட்டியில இன்னா வேடிக்க? வயசானவனாட்டம் இருக்க!"

ஸ்டேஷன் மாஸ்டரிடம் கை கூப்பினேன். நல்ல மனிதர். சிதம்பரம் ஸ்டேஷனுக்குக் கம்பியில் செய்தி தட்டச் சொன்னார். "பதில் கடலூருக்கு வரும். திரும்பிப் போற வண்டி இனிமே காலையிலதான். நீங்க இதுலயே முதுநகர் போயிடுங்க. அங்க பஸ் புடிக்கலாம். இங்க நின்னா ஒண்ணும் கெடைக்காது." வண்டி எனக்காக நிற்கவில்லை. மறுபடியும் ஏறினேன். என் மகளிடமிருந்து இன்னும் தூரமாகப் போவதற்கு, என் காலாலேயே ஏறினேன்.

அந்தப் பயணத்தில் நான் போட்ட கணக்கு மாதிரி ஒரு கணக்கை எந்தப் பரீட்சையிலும் போட்டதில்லை. வெயில் சாயச் சாய நிழல் ஓட்டம் பிடிக்கும். முதலில் தெருவில் பத்துப் பதினைந்து அடி. அப்புறம் சற்றே தெற்கே ஒதுங்கி வீட்டுக் கூரைமேல். கூரைக்குப் பின்னால் கொல்லை. சிதம்பரத்துக் கொல்லைகளில் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறுகளை நான் பார்த்திருக்கிறேன். நிழலின் நுனியையே பார்த்தபடி, முன்னால் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் நடக்கும் பிள்ளை. அப்புறம் கீழ வீதி, வண்டி மாடு, ராணுவ லாரி. அதற்கும் அப்பால் தோப்பு, வயல். கடைசியில் சூரியன் தரையைத் தொடும்போது நிழலுக்கு முடிவே கிடையாது. பாடப்புத்தகத்தில் அதை ரசித்துப் படித்திருக்கிறேன்.

நான் அதட்டி மூடிய அந்தப் பலிப் பேச்சும் மனசில் வந்தது. எங்கேயோ பாலம், எங்கேயோ அஸ்திவாரம், தனியாக நடக்கும் பிள்ளை. வேண்டாம், நான் படித்தவன் என்று சொல்லிக்கொண்டேன். தேவநாத சுவாமிக்கு முடி இறக்குவதாக வேண்டிக்கொண்டேன். யாருடைய முடி என்று யோசிக்கவில்லை.

முதுநகரில் பதில் வந்து காத்திருந்தது. ஒரு சின்னக் காகிதத்தில் தந்தி குமாஸ்தா எழுதிக் கொடுத்தார். சிறுமி யாரும் பிளாட்பாரத்தில் இல்லை.

வீடு அங்கிருந்து இரண்டு மைல். என் மனைவி வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். போய்ச் சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. என்ன சொல்வது? கால் பஸ் நிற்கும் இடத்துக்குத்தான் போயிற்று.

பெட்ரோல் கிடைக்காத காலம். பஸ்ஸுக்குப் பின்னால் பெரிய கொப்பரை வைத்து, கரியைப் போட்டு மூட்டி, அந்தப் புகையில் ஓட்டினார்கள். ஏற்றம் வந்தால் இறங்கித் தள்ள வேண்டும். "சிதம்பரம் பஸ் எப்போ?" என்று அங்கே இருந்த ஆளைக் கேட்டேன்.

"சிதம்பரத்துலேர்ந்து வந்தாத்தானே சாமி திரும்பிப் போவும்? வரட்டும். கரி தணிஞ்சி எங்கியாவது நிக்கிதோ இன்னாவோ."

"வாடகை வண்டி ஏதாவது?"

"மாட்டு வண்டி வேணும்னா கெடைக்கும். விடிஞ்சிடும்."

உட்கார முடியவில்லை. நடந்தேன். மேற்கே வெயில் மஞ்சளாகிக்கொண்டே வந்தது. என் நிழலே ரோட்டைக் கடந்து எதிர்க்கடைப் பலகை வரைக்கும் போயிற்று. அதைப் பார்க்காமல் இருக்கத் திரும்பி நின்றுகொண்டேன். வழியில் போன ஒரு பழக்கக்காரர், "என்ன சார், ஊருக்கா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அது நிஜமாகிவிடும் போலிருந்தது.

விளக்கு வைக்கும் நேரத்துக்குப் புகையைக் கக்கிக்கொண்டு பஸ் வந்தது. ஓடிப்போய் ஏறப் பார்த்தேன். இறங்குகிறவர்கள் வழியை அடைத்துக்கொண்டு நின்றார்கள். முதலில் மூட்டையோடு இரண்டு பேர். அப்புறம் வேட்டியெல்லாம் கரியாக, முகமெல்லாம் கரியாக, என் மச்சான். தனியாக.

அவர் வாயைத் திறப்பதற்குள் கரிக் கொப்பரை அருகே புழுதியில் உட்கார்ந்துவிட்டேன்.

"எந்திரி மாப்ளே, எந்திரி. பொண்ணு உள்ள செருப்பத் தேடிகினு இருக்குது." அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார். கோபம் அவருக்கு அப்புறம்தான் வந்தது. "பொண்ண இட்டுகினு ரயிலடிக்குப் போனா, ஸ்டேசன் மாஸ்டரு சொல்றாரு, ஒருத்தரு வேட்டி பறக்க ஓடியாந்து ஓடற வண்டியில தொத்திகினு போறாருன்னு. பெத்த பொண்ண வுட்டுட்டு எந்த ஊருக்குய்யா அவ்ளோ அவசரம்? நீ அந்தாண்ட ஓடினதும் நான் கடைய மூடிட்டு வூடு வூடா தேடறேன். மூணாவது வூட்டுக் கொல்லையில, மாட்டுக் கொட்டா கூர மேல நின்னுகினு இருக்கா. கீத்து பிச்சிகினு ஒரு கால் உள்ள போயிடுச்சி. அந்தாண்ட கெணறு. எறங்குடின்னா, 'கலசம் இங்கதான் மாமா இருக்குது, அப்பா நகரக் கூடாதுன்னாரு'ங்கறா. நான் இன்னாத்த சொல்ல?"

கிணறு என்ற சொல்லுக்குப் பிறகு அவர் பேசியது எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை.

யுத்தம் முடிந்து மணியைத் திருப்பி வைத்துவிட்டார்கள். என் மகள் இப்போது பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பு. அந்தக் கோபுரத்தை நாங்கள் இன்றுவரை அளக்கவில்லை. அவள் ஐந்து நிமிடம் தாமதமாக வந்தாலும் நான் தெருமுனைக்குப் போய்விடுகிறேன். ஏன் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது, அவளுக்குத் தெரியும்.

அன்று அவள் கடைசி ஆளாக இறங்கினாள். முழங்கால் சிராய்த்திருந்தது. கன்னத்தில் கண்ணீர் காய்ந்த கோடு கரிக்கு நடுவில் வெளுப்பாகத் தெரிந்தது. நான் கையை நீட்டினேன். உடனே வரவில்லை. பிறகு கிட்டே வந்து, மாமாவுக்குக் கேட்காமல், தாழ்ந்த குரலில் சொன்னாள்:

"நீங்க என்னை வுட்டுட்டுப் போயிட்டீங்கன்னு அம்மாகிட்ட நான் சொல்ல மாட்டேம்பா."